வீடியோ கோப்பை டிவிடி ப்ளேயரில் ஓடும் டிஸ்க்காக மாற்றுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காசிமேட்டில் என் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் அந்த 14 அங்குல டிவி இன்னும் ஓடுகிறது. 2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்தது. பக்கத்தில் ஒரு டிவிடி ப்ளேயர், தூசி படாமல் பூப்போட்ட துணி போர்த்தியிருக்கும். அக்காவின் கல்யாண கேசட்டை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து எம்பி4 கோப்பாக மாற்றி வாங்கியிருந்தேன். முந்தின நாள் மாலை மண்டபத்தில் வரவேற்பு, மறுநாள் காலை திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் தாலி கட்டு, அப்புறம் பந்தி. பெரியப்பா இன்று இல்லை. அவர் நடமாடுவதைப் பார்க்க எங்களிடம் இருப்பது அந்த ஒரு பதிவுதான்.

கோப்பை ஒரு வெற்று டிவிடியில் அப்படியே காப்பி செய்து கொடுத்துவிட்டு வந்தேன். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் போன். "இன்னா கண்ணு, உள்ள போட்டா சுத்துது சுத்துது, நோ டிஸ்க்குனு வருது. படமே வரலியே."

என் கணினியில் அதே டிஸ்க் நன்றாக ஓடியது. ஏன் அங்கே ஓடவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரமும் ஏழெட்டு டிஸ்க்கும் ஆயின. உங்களுக்கு ஒரே டிஸ்க்கில் முடியட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கோப்பு வேறு, டிவிடி வேறு

டிஸ்க்கில் வீடியோ இருந்தால் அது டிவிடி என்று நாம் நினைக்கிறோம். ப்ளேயர் அப்படி நினைப்பதில்லை. டிஸ்க் உள்ளே போனதும் அது 'வீடியோ டிஎஸ்' (VIDEO_TS) என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று தேடும். அதற்குள் ஐஎஃப்ஓ என்று முடியும் சிறு கோப்புகள் இருக்க வேண்டும். எந்தப் படம் எங்கே தொடங்குகிறது, எத்தனை அத்தியாயம், மெனு உண்டா என்ற விவரமெல்லாம் அவற்றில்தான் இருக்கும். அதே விவரத்தின் நகல் பியூபி கோப்புகளில் இருக்கும். படமும் ஒலியும் விஓபி கோப்புகளில், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாமல் துண்டு துண்டாக இருக்கும். இந்த அமைப்பு இல்லாத டிஸ்க்கை வெறும் தகவல் டிஸ்க்காக எடுத்துக்கொண்டு, பழைய ப்ளேயர்கள் ஓடாமல் நின்றுவிடும்.

விஓபிக்குள் இருக்கும் படத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. நம் கைப்பேசிகளும் ஸ்டுடியோக்களும் தருவது பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 வகைப் படம். டிவிடிக்கு வேண்டியது எம்பெக்-2. நம் ஊர் டிவிகளின் பால் (PAL) முறையில் படத்தின் அளவு 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டகங்கள், அதாவது ஃப்ரேம்கள். ஒலி ஏசி3 அல்லது எம்பி2 அல்லது பிசிஎம் வகையில், 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். கைப்பேசி தரும் ஏஏசி ஒலிக்கு அங்கே இடமில்லை.

ஆக வேலை மூன்று. படத்தையும் ஒலியையும் டிவிடிக்கான வகைக்கு மாற்றுவது, அவற்றை அந்த ஃபோல்டர் அமைப்புக்குள் அடுக்குவது, அடுக்கியதை டிஸ்க்கில் எழுதி முடித்து மூடுவது. கடைசி வேலையை மட்டும் செய்துவிட்டு டிவிடி போட்டாயிற்று என்று நினைப்பதால்தான் முக்கால்வாசிப் பேருக்கு டிஸ்க் வீணாகிறது. நானும் அதைத்தான் செய்திருந்தேன். விண்டோஸில் வலது க்ளிக் செய்து டிஸ்க்குக்கு அனுப்பினால் இரண்டு வழி காட்டும். ஒன்று பென் டிரைவ் மாதிரி பயன்படுத்த, இன்னொன்று சிடி, டிவிடி ப்ளேயருக்கு. இரண்டாவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதுவும் கோப்பை உள்ளபடியே எழுதும். எம்பெக்-2 ஆக மாற்றவும் செய்யாது, ஃபோல்டர் அமைப்பை உருவாக்கவும் செய்யாது.

வேலையைத் தொடங்கும் முன் அந்த வீட்டு ப்ளேயரைப் பாருங்கள்

டிஸ்க் எந்த வீட்டில் ஓடப்போகிறதோ அங்கே ஒருமுறை போய்விட்டு வாருங்கள். ப்ளேயரின் முன்பக்கம் யுஎஸ்பி துளை இருக்கிறதா? டிவெக்ஸ் (DivX) என்ற முத்திரை இருக்கிறதா? இரண்டும் இருந்தால் எக்ஸ்விட் வகை ஏவிஐ கோப்பாக மாற்றி ஒரு பென் டிரைவில் கொடுத்தாலே ஓடிவிடலாம். அப்படி ஓடினால் இந்த வழிகாட்டியின் பாதி உங்களுக்குத் தேவையில்லை. ஆனாலும் வயதானவர்கள் கையில் பென் டிரைவைவிட டிஸ்க் கொடுப்பதே மேல் என்பது என் எண்ணம். ட்ரேயைத் திறந்து டிஸ்க்கை வைத்து மூடும் பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது. பென் டிரைவில் போனால் கோப்புப் பட்டியல் வந்து நிற்கும், அதில் எதை அழுத்துவது என்று தடுமாறுவார்கள்.

டிவி பழைய குழாய் டிவியா, தட்டையான அகலத்திரையா என்று குறித்துக்கொள்ளுங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்கள் சரியாகச் சொருகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ரிமோட் வேலை செய்கிறதா என்பது இன்னும் முக்கியம். பெரியம்மா வீட்டில் ரிமோட் உடைந்துபோய், ப்ளேயரின் முகப்பில் இருக்கும் பொத்தான்கள் மட்டும்தான் வேலை செய்தன. பல ப்ளேயர்களின் முகப்பில் மெனுவில் மேலே கீழே நகரும் பொத்தான் இருக்காது. அழகாக மெனு போட்டுக் கொடுத்திருந்தால் அவர் அந்த மெனுவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கடையில் வாங்கிய பழைய சினிமா டிவிடி ஏதாவது அங்கே இருந்தால் ஓட்டிப் பாருங்கள். 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் 34 ரூபாய்க்கு டிவிடி விற்ற காலத்தில் வாங்கியவை பல வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. அது ஓடினால் ப்ளேயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதுவே தடுமாறினால் முதலில் லென்ஸைச் சுத்தம் செய்ய வேண்டும். கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து லென்ஸ்மேல் படலம் கட்டும்.

வாங்க வேண்டியவை

புது மடிக்கணினிகளில் டிவிடி டிரைவ் வருவதில்லை. யுஎஸ்பியில் சொருகும் வெளி டிவிடி ரைட்டர் ஒன்று வேண்டும். சென்னையில் கணினிச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் கிடைக்கும். வடசென்னைக்காரர்களுக்கு இப்போது அங்கே போவது சுலபம்: 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டுவிட்டதால் காலடிப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரிலும் கேட்டுப் பார்க்கலாம். வாங்கும்போது அது எழுதும் ரைட்டரா, படிக்க மட்டும் செய்யும் டிரைவா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

இந்த மெல்லிய ரைட்டர்கள் யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுப்பவை. எழுதும்போது லேசருக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். மேசைக் கணினியின் முன்பக்கத் துளையிலோ யுஎஸ்பி ஹப்பிலோ சொருகினால் பாதியில் நின்று டிஸ்க் பாழாகலாம். பின்பக்கம், மதர்போர்டோடு இணைந்த துளையில் சொருகுங்கள். இரண்டு தலை ஒயர் வந்திருந்தால் இரண்டையும் சொருகுங்கள். மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் கட்டாயம். எழுதும் நடுவில் கரண்ட் போனால் அந்த டிஸ்க்கை மறந்துவிட வேண்டியதுதான்.

வெற்று டிஸ்க்கில் இரண்டு இனம் உண்டு: பெயரில் கழித்தல் குறி போட்ட டிவிடி-ஆர், கூட்டல் குறி போட்ட டிவிடி+ஆர். முதலாவது 1997-லேயே வந்தது, இரண்டாவது 2002-ல். பழைய ப்ளேயருக்கு டிவிடி-ஆர்தான் பாதுகாப்பான தேர்வு. கூடவே திரும்பத் திரும்ப எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒத்திகைக்கு ஆகும், தப்பானால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். ஒரு எச்சரிக்கை: ஆர்டபிள்யூ டிஸ்க் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். சில பழைய ப்ளேயர்கள் அதைப் படிக்காது. ஒத்திகை டிஸ்க் ஓடவில்லை என்பதாலேயே வேலை தப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மென்பொருள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கும். அடுக்குவதற்கு டிவிடிஸ்டைலர், எழுதுவதற்கு இம்க்பர்ன் (ImgBurn), சரிபார்க்க விஎல்சி. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் எழுதுவதற்கு கே3பி பயன்படுத்தலாம். நிறுவும்போது வேறு ஏதாவது மென்பொருளும் சேர்ந்து வருகிறதா என்று ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, வேண்டாத டிக்குகளை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலும் 7-லும் டிவிடி மேக்கர் என்று ஒன்று கூடவே வந்தது. விண்டோஸ் 8-லிருந்து அது இல்லை, தேடாதீர்கள்.

எத்தனை நிமிஷம் ஒரு டிஸ்க்கில்?

டிஸ்க் உறையில் 4.7 ஜிபி என்று இருக்கும், விண்டோஸில் அதே டிஸ்க் 4.37 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. உறையில் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கணினி 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்துக்குள் எவ்வளவு நேரப் படத்தை அடைக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் தெளிவு. எனக்குப் பழகிய கணக்கு இது: 600-ஐப் படத்தின் மொத்த நிமிஷத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். வரும் எண்தான் ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் செலவு செய்யலாம் என்பது, அதாவது பிட்ரேட், ஒலியையும் சேர்த்து. 120 நிமிஷப் படத்துக்கு 5 வரும், பார்க்க நன்றாக இருக்கும். 90 நிமிஷத்துக்கு 6.6, இன்னும் நல்லது. 60 நிமிஷத்துக்கு 10 வரும், ஆனால் அதை அப்படியே வைக்கக் கூடாது. டிவிடியில் படத்துக்கான உச்சவரம்பே 9.8. நாம் எழுதும் டிஸ்க்கில் அந்த விளிம்பு வரை போனால் பழைய ப்ளேயர் தடுமாறும். 8-ல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அக்கா கல்யாணம் 170 நிமிஷம். ஒரே டிஸ்க்கில் என்றால் 3.5தான் வருகிறது. முதலில் அப்படித்தான் அடைத்துப் பார்த்தேன். மேடையில் சீரியல் விளக்குகள் மின்னும்போதும், அட்சதை தூவும்போதும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அட்சதை விழும் அந்த நொடிதான் கல்யாண வீடியோவிலேயே கடினமான நொடி. திரை முழுக்க நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பொருள்கள் ஒரே சமயத்தில் அசைகின்றன. எம்பெக்-2 அங்கேதான் திணறும். இரண்டு டிஸ்க்காகப் பிரித்தேன். முதலாவதில் வரவேற்பு, இரண்டாவதில் தாலி கட்டு, பந்தி இரண்டும். ஒவ்வொன்றும் 85 நிமிஷம், கணக்கு 7-க்கு வந்துவிட்டது. டிஸ்க் விலை சில பத்து ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப்போய் முகங்களைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாகப் பிரிக்க அவிடெமக்ஸ் என்ற மென்பொருள் போதும். படம், ஒலி இரண்டையும் காப்பி என்ற நிலையில் விட்டு, தொடக்கத்தையும் முடிவையும் குறித்துச் சேமித்தால் மறுபடி சுருக்காமல் வெட்டித் தரும். வெட்டும் தொடக்கம் ஒரு முழுச் சட்டகத்தில், அதாவது கீஃப்ரேமில், அமைய வேண்டும். மேல் அம்புக்குறியை அழுத்தினால் அதுவே அடுத்த முழுச் சட்டகத்துக்குத் தாவும்.

கோப்பைத் தயார் செய்வது

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவிலிருந்து டிவிடி செய்யாதீர்கள். அது ஏற்கெனவே சுருங்கி வந்தது. எடுத்தவரின் கைப்பேசியிலிருந்தே மூலக் கோப்பை ஒயர் போட்டு வாங்குங்கள்.

கைப்பேசி வீடியோவில் இன்னொரு சிக்கல் உண்டு, கேசட்டிலிருந்து வந்த கோப்பில் அது பொதுவாக வராது. கைப்பேசி நொடிக்கு இத்தனை சட்டகம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் குறைவாகவும், நன்றாக இருந்தால் அதிகமாகவும் எடுக்கும். இதை அப்படியே டிவிடியாக மாற்றினால் முதல் 5 நிமிஷம் சரியாக இருக்கும். போகப் போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போய்விடும். இதற்குத்தான் ஹேண்ட்பிரேக் உதவுகிறது. அந்த மென்பொருள் டிவிடி செய்யாது. அது தருவது எம்பி4, எம்கேவி போன்ற கோப்புகள்தான். ஆனால் சட்டக வேகத்தைச் சீராக்க அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. வீடியோ பகுதியில் சட்டக வேகம் 25, சீரான வேகம் என்று தேர்ந்தெடுங்கள். தரத்தை ஆர்எஃப் 18 அளவில் வைத்து ஒரு புதுக் கோப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ என்றால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். அதை இழுத்து நிரப்பப் போகாதீர்கள், ஆட்கள் குண்டாகிவிடுவார்கள். படம் படுத்துக்கொண்டு வந்தால் ஷாட்கட் போன்ற எடிட்டரில் திருப்பி, திருப்பியதை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

அப்புறம், தமிழில் கணினி பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. கோப்புக்கும் ஃபோல்டருக்கும் தமிழில் பெயர் வைத்திருந்தால் இந்த வேலை முடியும் வரை ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். இடைவெளியும் வேண்டாம். பின்னணியில் வேலை செய்யும் சில பழைய கருவிகள் தமிழ்ப் பெயரைப் படிக்கத் தெரியாமல், என்ன கோளாறு என்றும் சொல்லாமல் நின்றுவிடும்.

டிவிடிஸ்டைலரில் அடுக்குவது

திறந்ததும் புதுத் திட்டத்துக்கான பெட்டி வரும். டிஸ்க் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள். கொள்ளளவு 4.7 ஜிபி. பிட்ரேட்டைத் தானியங்கியிலேயே விடலாம், உங்கள் படத்தின் நீளத்தைப் பார்த்து அதுவே கணக்குப் போடும். வீடியோ வடிவம் பால். ஒலி ஏசி3, 48 கிலோஹெர்ட்ஸ்.

திரை விகிதம் என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 4:3 ஆ, 16:9 ஆ என்பதை டிவியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், படத்தைப் பாருங்கள். பழைய கேசட்டில் இருப்பது 4:3 படம். அதை அகலத்திரைக்கு 16:9 என்று கொடுத்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கவாட்டில் விரிந்துபோவார்கள். படுக்கை வாட்டில் எடுத்த கைப்பேசி வீடியோவுக்கு 16:9 கொடுங்கள். பழைய டிவியில் அதைப் போட்டால் மேலும் கீழும் பட்டை விட்டு ப்ளேயரே பார்த்துக்கொள்ளும். அப்படி வராவிட்டால் ப்ளேயரின் செட்டப் மெனுவில் டிவி வகையை 4:3 லெட்டர்பாக்ஸ் என்று மாற்றுங்கள்.

அடுத்து மெனு வார்ப்புருக்கள் வரும். வயதானவர்களுக்கு என்றால் வார்ப்புரு வேண்டாம். காலியாக ஒரு மெனு வந்து நின்றால் வலது க்ளிக் செய்து நீக்கிவிடுங்கள். டிஸ்க் போட்டதும் நேரே படம் ஓடும். பிள்ளைகளின் பிறந்தநாள், ஆண்டுவிழா என்று பல துண்டுகள் இருந்தால் மெனு உதவியாக இருக்கும். அப்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: குழாய் டிவி படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் விழுங்கிவிடும். பொத்தான்களை நான்கு ஓரத்திலிருந்தும் நன்றாக உள்ளே தள்ளி வையுங்கள். மெனுவில் தமிழில் எழுதும்போது கொம்பும் காலும் இடம் மாறினால், தலைப்பைத் தனியாக ஒரு படமாகச் செய்து அதையே மெனுவின் பின்னணியாக வைத்துவிடுங்கள்.

இப்போது வீடியோ கோப்பை இழுத்துக் கீழே இருக்கும் பட்டையில் விடுங்கள். அதன்மேல் வலது க்ளிக் செய்து பண்புகளைத் திறந்தால் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, கேசட்டிலிருந்து வந்த படமா என்பது. அந்தக் காலக் கேமராக்கள் ஒவ்வொரு சட்டகத்தையும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று இரண்டு பாதியாக எடுத்தன. கணினியில் பார்க்கும்போது கை அசைந்தால் சீப்பின் பல் போலக் கோடு கோடாகத் தெரிந்தால், உங்கள் கோப்பு அந்த வகை. அதை அழிக்க வேண்டாம், டிவிடியே அதற்காகச் செய்யப்பட்டதுதான். இன்டர்லேஸ் என்ற குறியைப் போட்டுவிடுங்கள், போதும். எந்தப் பாதி முதலில் என்பதைத் தானியங்கியில் விடுங்கள். ஒத்திகையில் அசைவெல்லாம் முன்னும் பின்னும் துள்ளினால் மட்டும் அதை மாற்றுங்கள்.

இரண்டாவது, அத்தியாயங்கள். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கோ இந்த மொத்த வேலையிலும் பிடித்தது இதுதான். 5 நிமிஷத்துக்கு ஒன்று என்று தானாகப் போட்டுக்கொள்ள வழி உண்டு. ஆனால் முழுப் படத்தையும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, நேரத்தைத் தாளில் குறித்து, நீங்களே போடுங்கள். நான் இரண்டாவது டிஸ்க்கில் நான்கு இடம் போட்டேன்: கோயில் வாசல், தாலி கட்டு, பாத்திரப் பரிசுகள், பந்தி. பந்தியில் பெரியப்பா சாம்பார் வாளியோடு வரிசை வரிசையாக வருவார். கேமராவைப் பார்த்ததும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, கரண்டியை மட்டும் ஆட்டி "போ போ" என்பார். மொத்தம் 40 நொடி. அவர் பந்திக்குள் நுழைவதற்கு 2 நொடி முன்னால் குறியை வைத்தேன். டிவிடியில் அத்தியாயக் குறி அரை நொடி முன்பின் நகர்ந்து விழலாம், அதனால்தான் அந்த 2 நொடி.

பல கோப்புகளைச் சேர்த்திருந்தால், ஒன்று முடிந்ததும் அடுத்தது ஓட வேண்டும் என்பதையும் அதே பண்புகள் பெட்டியில், முடிந்தபின் செய்ய வேண்டிய கட்டளை என்ற இடத்தில் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் துண்டோடு படம் நின்றுபோகலாம்.

உடனே டிஸ்க்கில் எழுதாதீர்கள்

எழுது பொத்தானை அழுத்தினால் டிவிடிஸ்டைலர் மூன்று வழி கேட்கும்: ஃபோல்டரை மட்டும் உருவாக்கவா, ஐஎஸ்ஓ கோப்பாகவா, நேரே டிஸ்க்கிலா. ஐஎஸ்ஓ என்பதையே தேர்ந்தெடுங்கள். ஐஎஸ்ஓ என்பது முழு டிஸ்க்கின் அச்சு, ஒரே கோப்பாக. அது கையில் இருந்தால் நாளைக்குச் சித்தி ஒரு காப்பி கேட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கணினியில் 10 ஜிபிக்குக் குறையாமல் காலி இடம் வேண்டும், இடைக்காலக் கோப்புகளும் ஐஎஸ்ஓவும் சேர்ந்து அவ்வளவு பிடிக்கும். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் சேமிக்க முயன்றால் 4 ஜிபியைத் தாண்டும் கோப்பை அது ஏற்காது. மாற்றும் வேலை பழைய மடிக்கணினியில் மணிக்கணக்கில் ஓடும். இரவு சாப்பிட்டதும் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். மடிக்கணினி தானாகத் தூங்கிவிடாதபடி மின் அமைப்பில் மாற்றி வையுங்கள்.

முடிந்ததும் ஐஎஸ்ஓவை விஎல்சியில் திறந்து பாருங்கள். தொடக்கம் மட்டும் போதாது. நடுவில் ஓர் இடம், கடைசி 5 நிமிஷம் இரண்டையும் கட்டாயம் பாருங்கள். உதடும் குரலும் பிசகியிருந்தால் கடைசியில்தான் அது வெளிப்படும். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் தாவிப் பாருங்கள். கோப்பின் அளவையும் பாருங்கள். 4.2 ஜிபிக்குள் இருந்தால் நிம்மதி. டிஸ்க்கில் எழுத்து உள்வட்டத்தில் தொடங்கி வெளி விளிம்பை நோக்கிப் போகிறது. கைரேகை படுவதும், பிழை அதிகம் சேர்வதும் அந்த விளிம்பில்தான். விளிம்புவரை நிரப்பினால் படத்தின் கடைசிக் காட்சிதான் அடிவாங்கும்.

இனி எழுதலாம்

ரைட்டரில் வெற்று டிஸ்க்கைப் போடுங்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள், அடிப்பக்கத்தில் விரல் படக் கூடாது. இம்க்பர்னில் படக்கோப்பை டிஸ்க்கில் எழுது என்ற முதல் வழியைத் தேர்ந்தெடுத்து ஐஎஸ்ஓவைக் காட்டுங்கள். வேகத்தை 8 என்று வையுங்கள், மெல்லிய ரைட்டராக இருந்தால் 4. உறையில் 16 என்று போட்டிருக்கலாம், அது அந்த டிஸ்க் தாங்கும் உச்சம். ரொம்பவும் குறைத்து 1, 2 என்று போவதிலும் லாபம் இல்லை. இன்றைய டிஸ்க்கில் லேசர் எழுதும் சாயப் பூச்சு, வேகமாக எழுதுவதற்காகச் செய்யப்பட்டது. 4 வேகத்தில் முழு டிஸ்க்குக்குக் கால் மணி நேரம் ஆகும்.

சரிபார்ப்பு என்ற டிக் போட்டிருக்கட்டும். எழுதி முடித்ததும் டிஸ்க்கை மறுபடி படித்து மூலத்தோடு ஒப்பிடும். நேரம் கூடும், ஆனால் தப்பான டிஸ்க்கோடு காசிமேடு வரை போய்த் திரும்பும் அலைச்சல் மிச்சம். எழுதும்போது கணினியில் வேறு வேலை வேண்டாம், மேசையை ஆட்டவும் வேண்டாம். டிஸ்க்கை மூடும் வேலையை, அதாவது ஃபைனலைஸ் செய்வதை, இம்க்பர்ன் தானாகவே செய்யும். வேறு மென்பொருளில் எழுதினால் அந்த வசதி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூடாத டிஸ்க் கணினியில் ஓடும், ப்ளேயரில் ஓடாது.

எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் விண்டோஸ் 7 முதலே, ஐஎஸ்ஓவின் மேல் வலது க்ளிக் செய்து டிஸ்க்கில் எழுதும் வசதி உண்டு. வேகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதுதான் குறை.

இன்னொன்று. இதெல்லாம் நாம் எடுத்த, நமக்குச் சொந்தமான வீடியோக்களுக்கு. வாங்கிய சினிமா டிவிடியின் பூட்டை உடைத்து நகல் எடுப்பதற்கு இது வழிகாட்டி அல்ல.

அந்த வீட்டில் ஓடவில்லையென்றால்

'நோ டிஸ்க்' என்று வந்தால் முதலில் டிஸ்க்கைக் கணினியில் திறந்து உள்ளே வீடியோ டிஎஸ் ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். ஐஎஸ்ஓ கோப்பே ஒற்றைக் கோப்பாக உள்ளே உட்கார்ந்திருந்தால், எழுதுவதற்குப் பதில் காப்பி செய்திருக்கிறீர்கள். ஃபோல்டர் சரியாக இருந்து, கடையில் வாங்கிய டிவிடி மட்டும் ஓடுகிறது என்றால், வேறு கம்பெனி டிவிடி-ஆர் வாங்கி 4 வேகத்தில் எழுதிப் பாருங்கள். லென்ஸ் சுத்தம் செய்யும் டிஸ்க்கையும் ஒருமுறை ஓட்டுங்கள்.

படம் கறுப்பு வெள்ளையாகவோ மேலே உருண்டுகொண்டோ வந்தால் பாலுக்குப் பதில் என்டிஎஸ்சி என்ற வேறு டிவி முறையில் செய்துவிட்டீர்கள். பாலுக்கு மாற்றி மறுபடி அடுக்க வேண்டும். சத்தம் மட்டும் இல்லை என்றால் முதலில் ஒயரை அசைத்துப் பாருங்கள், அப்புறம் ஒலி ஏசி3 ஆகப் போயிருக்கிறதா என்று பாருங்கள். கடைசிப் பகுதியில் மட்டும் உறைந்து நின்றால் விளிம்புச் சிக்கல். பிட்ரேட்டைக் குறைத்துச் சின்னதாக்குங்கள், அல்லது இரண்டு டிஸ்க்காகப் பிரியுங்கள்.

டிஸ்க்கைக் காப்பது

மேல்பக்கம் பெயர் எழுத டிஸ்க்குக்கென்றே விற்கும் மார்க்கர் பேனா வாங்குங்கள். பால்பாயிண்ட் பேனா கீறிவிடும். காகித ஸ்டிக்கர் ஒட்டினால் சுழலும்போது எடை ஒரு பக்கம் சாயும், நாளாக நாளாக ஓரம் பிரிந்து ப்ளேயருக்குள் மாட்டிக்கொள்ளும். எழுத்து பெரிதாக, தமிழில், முதல் டிஸ்க் எது என்று தெரியும்படி இருக்கட்டும். பிளாஸ்டிக் பையில் வேண்டாம், கெட்டியான பெட்டியில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். சாயப் பூச்சில் எழுதிய டிஸ்க் என்பதால் ஜன்னல் வெயில் ஆகாது. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஐஎஸ்ஓவை வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டு வையுங்கள்.

பெரியம்மா இரண்டு டிஸ்க்கையும் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைத்திருக்கிறார். ப்ளேயரின் முகப்பில் அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் பொத்தானுக்குப் பக்கத்தில் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்துக் காட்டிவிட்டு வந்தேன். இரண்டாவது டிஸ்க்கைப் போட்டு அதை மூன்று தடவை அழுத்தினால் பந்தி.